பதினோராம் மாடியில் இன்னொரு வீடு

என் மகள் இல்லாத ஒரு வீட்டில் நான் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பத்துப் பேர் கூடும் இடத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்தத் தூக்கத்துக்கு முந்தைய இரண்டு நிமிடங்களைப் பற்றி மட்டும் யாரிடமும் அவ்வளவாகச் சொல்வதில்லை. இங்கே அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் யாழினி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே தசைகளுக்குப் பலம் போதாது. உட்காரச் சக்கர நாற்காலி, தூங்க முகமூடி வைத்த மூச்சுக் கருவி, சாப்பிட வயிற்றில் ஒரு சின்னக் குழாய், தானாக இரும முடியாததால் சளியை உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின். வாய்க்கு மட்டும் எந்த மெஷினும் தேவைப்பட்டதில்லை. குரல் மெல்லியதுதான். ஆனால் அந்தக் குரலில் அவள் என்னைக் கிண்டல் செய்தால் அடுத்த அறையில் இருக்கும் அவள் அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கும்.

நானும் என் மனைவி வித்யாவும் திருச்சிக்காரர்கள். சிங்கப்பூர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வித்யாவுக்கு வங்கியில் வேலை. நான் கணினி வேலையை விட்டுவிட்டு யாழினியைப் பார்த்துக்கொண்டேன். புக்கிட் பாத்தோக்கில் பதினோராம் மாடியில் வீடு.

என்னைப் போன்ற பெற்றோர் மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் கூடுவோம். அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அங்கே நான் ஓர் உரை நிகழ்த்தினேன். தலைப்பு, ‘விடுமுறையில் களைத்துப்போகாமல் இருப்பது எப்படி?’ (ஆமாம், நானேதான்.) தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்றேன். உதவி கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம் என்றேன். பண்டிகையைச் சுருக்குங்கள், முடியாததை முடியாது என்று சொல்லப் பழகுங்கள் என்றேன். முன்வரிசையில் ஓர் அம்மா ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த உரையை முடித்த கையோடு வீட்டுக்கு வந்து தீபாவளிக்கு இருபத்திரண்டு பேரை விருந்துக்கு அழைத்தேன்.

யாழினியின் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் வந்து கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுக்கும் நர்ஸ் ஊருக்குப் போய்விட்டார். நான் அசரவில்லை. முறுக்கு வீட்டிலேயே சுடுவது என்றும், வாசலுக்கு ரங்கோலி நானே போடுவது என்றும் அறிவித்தேன்.

“நான் ரெண்டு நாள் லீவ் போடவா?” என்றாள் வித்யா.

“எதுக்கு? எல்லாம் பிளான் பண்ணியாச்சு.”

“அந்த பிளான்ல நீங்க எப்பத் தூங்குறீங்க?”

“நடுவுல கேப் இருக்கு.”

அந்த கேப் எட்டு நிமிடம். பகலில் மருந்து, பால், சளி, உடற்பயிற்சி. ராத்திரியில் இரண்டு மணிக்கொருமுறை யாழினியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் முறுக்கு மாவு. ஐந்து நாள் இப்படி ஓடியது.

ஐந்தாம் நாளில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

யாழினியின் மூச்சுக் கருவிக்கு ஒரு பீப் உண்டு. முகமூடி கொஞ்சம் விலகினாலும் அடிக்கும். மூன்று தரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தரம். அந்த பீப் குளிக்கும்போது தண்ணீருக்குள் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மெஷின் அணைந்திருந்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி டப்பாவைத் திறந்தால் உள்ளே கேட்டது. நான் டப்பாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததை யாழினி பார்த்துவிட்டாள்.

“அம்மா, அப்பா ரைஸ்கிட்ட பேசுறாங்க.”

தீபாவளிக்கு முந்தைய நாள். வித்யா வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு நான் லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். பூ, வெற்றிலை, பிறகு மிக முக்கியமாக யாழினியின் பாவாடை சட்டை. சட்டையின் இடது பக்கம், வயிற்றுக்கு நேராக, ஒரு விரல் நீளத்துக்குத் திறப்பு விட்டு, அது தெரியாமல் மேலே ஒரு சரிகைப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தேன். அந்த வழியாகக் குழாயை எடுத்துப் பால் கொடுத்துவிடலாம், சட்டையைத் தூக்க வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் சட்டையைத் தூக்குவது அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்ட ஒரே தீபாவளிப் பரிசு அது.

அங்கே சிராங்கூன் ரோட்டில் நிற்க இடமில்லை. பண்டிகைப் பாட்டு, விளம்பரம், ஆள் கூவல் எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு மட்டும் அந்த பீப் கேட்டது. மூன்று தரம். மறுபடி மூன்று தரம். பூக்காரம்மா மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார். என் வாய் தானாகக் கேட்டது:

“சளி எடுக்கணுமா?”

அவர் பூவை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “பூ மட்டும் போதும் தம்பி,” என்றார். வாங்க வந்த நான் சொல்ல வேண்டியதை, விற்கிற அவர் சொன்னார்.

என் போன்தான் அடிக்கிறதோ என்று சந்தேகம் வந்து அதைச் சத்தமில்லாமல் போட்டேன். பிறகும் கேட்டது. தையல்காரரிடம் சட்டையை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அடுத்த நிலையத்திலேயே இறங்கி வண்டி மாற வேண்டும். உட்கார இடம் கிடைத்ததும் கண்ணை மூடியது நினைவிருக்கிறது. திறந்தபோது ரயில் காலியாக, விளக்கெல்லாம் எரிய, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எதிர்க் கண்ணாடியில் ஒரு கிழவர் மல்லிகைப் பூவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். யாரோ பாவம் என்று நினைத்தேன். நான் எழுந்தபோது அவரும் எழுந்தார்.

புக்கிட் பாஞ்சாங். கடைசி நிலையம்.

அங்கிருந்து பஸ் பிடித்தேன். வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டது. நட்ட நடுப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. பஸ் எங்கள் பேட்டைக்குப் பின்பக்கமாக இறக்கிவிட்டது. எப்போதும் நான் ரயில் நிலையத்துப் பக்கமிருந்துதான் வருவேன், இரண்டாவது பிளாக் எங்களுடையது. அன்றும் இரண்டாவது பிளாக்குக்குள் நுழைந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது எது என்று யோசிக்கும் பகுதி என் மூளையில் அன்று கடை சாத்தியிருந்தது. எல்லா பிளாக்குக்கும் ஒரே நிறம். எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

லிஃப்டில் பதினொன்றை அமுக்கினேன். நடைபாதையில் மூன்றாவது வீடு. இரும்புக் கதவு பூட்டாமல் இருந்தது. நான் வருவேன் என்று வித்யா திறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி அடுக்கினேன். உள்ளே போனேன். பழக்கதோஷத்தில் முதல் வேலையாகக் கை கழுவச் சமையலறைக்குத் திரும்பினேன். இடது பக்கம் சுவர் இருந்தது.

சமையலறை வலது பக்கம் போயிருந்தது.

நான் அப்போதும், வீடு தப்பு என்று நினைக்கவில்லை. (ஐந்து நாள் தூங்காதவனுக்கு எல்லாம் நடக்கக்கூடியதுதான்.) வலது பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஈரக் கையோடு ஹாலுக்கு வந்து நின்றேன்.

அது என் வீடு. அதே அளவு ஹால், அதே ஜன்னல். ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாக மாறியிருந்தது. யாழினியின் கட்டில் இருக்கும் மூலையில் ஒரு தையல் மெஷின். சளி மெஷின் இல்லை. மூச்சுக் கருவி இல்லை. சக்கர நாற்காலி இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கீழே முழுக்கத் தழும்பு, சக்கர நாற்காலி இடித்து இடித்து வந்தது. இந்தச் சுவர் வழவழவென்று இருந்தது. தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

“யாழி?” என்றேன்.

ஒரு கடிகாரம் ஓடியது. வெளியே மழை. பிறகுதான் கவனித்தேன். பீப் நின்றுவிட்டிருந்தது.

எங்களுக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒன்பது வருஷமும் நானாக நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்று. இந்த வீட்டில் என்றைக்குமே சளி மெஷின் ஓடியதில்லை, யாரும் யாரையும் ராத்திரியில் புரட்டிப் போட்டதில்லை. அப்படித் தோன்றியதும் நான் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. சோபாவில் உட்கார்ந்தேன். வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

“அப்பாடா.”

அந்தக் குரல் என்னுடையதுதான். அதன் பிறகு எதுவும் நினைவில் இல்லை.

கண் விழித்தபோது அறை இன்னும் இருட்டியிருந்தது. என் மேல் ஒரு போர்வை. எதிரே திறந்திருந்த படுக்கையறையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அசையவில்லை. பிறகு மெல்ல மடங்கிப் பாதி உயரமானது. நிமிர்ந்தது. அப்படியே தரைக்குப் போய்க் கட்டிலுக்குப் பின்னால் காணாமல் போனது.

எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களின் பெயரும் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்து ஒன்றுகூட வெளியே வரவில்லை. யாழினி காணாமல் போனதற்கும் இந்த உருவத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. நான் போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். (ஒரு தகப்பன் தன் குழந்தையை மீட்க எடுத்த முதல் நடவடிக்கை.)

“தம்பி, எழுந்துட்டீங்களா?” என்றது ஓர் ஆண் குரல், என் காதுக்குப் பக்கத்தில்.

நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடியில் ஒரு நாய் குரைத்தது.

“பயப்படாதீங்கலா. நான் காதர். இது என் வீடு. உள்ள தொழுதுக்கிட்டு இருக்கிறது என் வொய்ஃப்.”

போர்வையை விலக்கினேன். சோபாவின் தலைமாட்டில் நாற்காலி போட்டு, அறுபது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் குடை. நான் தூங்கிய நேரம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம், தேவைப்பட்டால் அடிக்க. தொழுகை முடித்து, வெள்ளைத் தொழுகை உடுப்பை மடித்தபடி அந்த அம்மாள் வெளியே வந்தார். மெகருன்னிசா அக்கா. இருவரும் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம்கள் (அந்த ‘லா’ இந்த ஊர்ப் பேச்சு), குடும்பம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

“நான் கீழ கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வந்தேன். வந்து பாத்தா நீங்க குறட்டை,” என்றார் காதர் அண்ணன். “ரெண்டு தடவை தட்டினேன். ‘அஞ்சு நிமிஷம் யாழி, அப்பா வந்துட்டேன்’னு சொன்னீங்க.”

“போலீஸக் கூப்பிடலியா?”

“நான் கூப்பிடலாம்னேன். இவதான் வேணாம்னா.”

“நான் பாத்ரூம்ல இருந்தேன்,” என்றார் மெகருன் அக்கா. “கதவு இடுக்கால பாத்தேன். வந்த ஆளு சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுறாரு. திருடன் எதுக்குக் கழுவப் போறான்? யாரோ டாக்டர் வீடு மாறி வந்துட்டாருன்னு நெனச்சேன்.”

வீடு மாறி. அந்த இரண்டு சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உலகம் இடம் வலமாகத் திரும்பி நேரானது. போனை எடுத்தேன். மணி நாலரை. வித்யாவிடமிருந்து முப்பத்தொரு அழைப்பு. முப்பத்திரண்டாவது அப்போது வந்துகொண்டிருந்தது.

“எங்க இருக்கீங்க?”

“வீட்ல.”

“நான் வீட்ல இருக்கேன். நீங்க இல்ல.”

“இது வேற வீடு.”

ஒரு மனைவி இந்த வாக்கியத்தை எப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பேசிக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மழைக்கு அப்பால் எதிரே ஒரு பிளாக். அதே நிறம், அதே பதினோராம் மாடி. அங்கே ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அவள் பின்னால் சக்கர நாற்காலியின் தலைப்பகுதி தெரிந்தது, அதில் ஒரு சின்னத் தலை. அவள் வாய் அசைவதும் என் காதில் குரல் கேட்பதும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தன. செத்துப்போனவர்கள் தங்கள் வீட்டை இப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்களோ என்று நினைத்தேன். நான் இல்லாத என் வீடு நடந்துகொண்டிருந்தது.

“அப்பா ஓடிப்போயிட்டாங்களான்னு கேக்குறா,” என்றாள் வித்யா. “நான் என்ன சொல்லட்டும்?”

காதர் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். “ஏம்மா, நான் எதிர் பிளாக்லேர்ந்து பேசுறேன். ஒங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்கு வந்து தூங்கிட்டாரு. நல்லா இருக்காருலா. ஜன்னலைப் பாருங்க, கை ஆட்டச் சொல்றேன்.”

நான் கை ஆட்டினேன். எதிரே வித்யா ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மெகருன் அக்கா, யாழினியின் சட்டையைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டினார்.

“பை சரிஞ்சு இது கீழ விழுந்துச்சு. இந்தச் சரிகை பிரிஞ்சு, அடியில பாருங்க, துணியே கிழிஞ்சிருந்துச்சு. பெருநாள் அன்னைக்குப் பிள்ளை கிழிஞ்சதயா போடும்? நல்லா ரெட்டைத் தையல் போட்டுட்டேன்.”

திறப்பு இருந்த இடத்தில் யானை இழுத்தாலும் பிரியாத தையல்.

நான் சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் அழுகிறேன் என்று தெரிந்தது. அந்தத் திறப்பு எதற்கு என்று சொன்னேன். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பால் குழாய், சளி, பீப், இருபத்திரண்டு விருந்தாளிகள், சமூக மன்றத்து உரை. காதர் அண்ணன் அப்போதுதான் குடையைக் கீழே வைத்தார். மெகருன் அக்கா தையல் மெஷின் முன் உட்கார்ந்து, பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு திறப்புக்கு ஓரம் மடித்து, சரிகைக்கு அடியில் இரண்டு சின்ன அழுத்துப் பொத்தான் வைத்தார். தையல்காரர் செய்ததைவிட நன்றாகவே வந்தது.

“பிள்ளைக்குக் குத்தாதே?” என்று தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

இருவரும் என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். தனியாக அனுப்ப அவர்களுக்குத் தைரியம் இல்லை. கதவு திறந்தே இருந்தது. நான் நுழைவதற்குள் உள்ளிருந்து அந்த மெல்லிய குரல் தடுத்தது.

“யாரு வேணும் உங்களுக்கு?”

வாசலில் நின்றேன். யாழினியின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண் வீங்கியிருந்தது.

“யாழினி வீடு இதுதானே?” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இதுதான். உள்ள வாங்க.”

அன்று இரவு வித்யாவிடம் அந்த ‘அப்பாடா’வைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் என்னை வெறுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் போய் யாழினியைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தாள்.

“ஆபீஸ்லேர்ந்து வரும்போது,” என்றாள் கடைசியில், “எத்தனை நாள் லிஃப்ட்ல வேற மாடிய அமுக்கிப் பாக்கலாமான்னு நின்னிருக்கேன் தெரியுமா? எதையும் அமுக்காம அப்படியே நிப்பேன். கதவு மூடிக்கும்.”

விருந்தாளிகளில் பதினெட்டுப் பேரிடம் வித்யா காலையில் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொன்னாள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் நிம்மதியாக மூச்சுவிட்டது போனிலேயே கேட்டது. அன்று மதியம் யாழினி புதுச் சட்டையில், பொத்தானைத் திறந்து, எல்லார் முன்னாலும் பால் குடித்தாள். எதிர் பிளாக்கிலிருந்து இரண்டு பேர் ரொட்டியும் ஆட்டுக் குழம்பும் கொண்டுவந்தார்கள்.

அடுத்த சில வாரங்களில் மெகருன் அக்கா சளி மெஷினைக் கையாளக் கற்றுக்கொண்டார். பள்ளி விடுமுறை வந்தால் வியாழக்கிழமை மதியம் அவர் இங்கே வருவார், நான் அங்கே போவேன். அதே சோபா. காதர் அண்ணன் போர்வையைத் தயாராக வைத்திருப்பார், குடையை ஒளித்து வைத்திருப்பார். முதல் சில வாரம் கண்ணை மூடப் பயமாக இருந்தது, அந்தக் குழந்தை பிறக்காத வீட்டுக்குள் மறுபடி போய்விடுவேனோ என்று. போகவில்லை. வெறும் தூக்கம்தான் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் யாழினி வாசலில் என்னை நிறுத்திவிடுவாள். “யாரு வேணும் உங்களுக்கு?” பதில் சொன்னால்தான் அனுமதி. வித்யாவுக்கும் இதே சோதனைதான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் குழம்பி, கதை கேட்டு, பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். பீட்சா கொண்டுவந்த ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

போன மாதம் யாழினிக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் கொஞ்சம் தேறினாள். வித்யாவை அவளோடு விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம். லிஃப்ட், நடைபாதை, மூன்றாவது கதவு. திறந்தேன். கட்டில் காலி. நாற்காலி இல்லை. மெஷின்கள் எல்லாம் அவளோடு போயிருந்தன. எந்தச் சத்தமும் இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. கதவுக்கு மேலிருந்த எண்ணை இரண்டு தரம் படித்தேன். கீழே இறங்கிப் போய் பிளாக் எண்ணையும் பார்த்துவிட்டு மறுபடி ஏறி வந்தேன். அப்போதும் வாசலைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் வித்யாவுக்குப் போன் போட்டு, யாழினியிடம் கொடு என்றேன்.

முகமூடியை விலக்கும் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

“யாரு வேணும் உங்களுக்கு?”

“யாழினி வீடு இதுதானே?”

பின்னால் மூச்சுக் கருவி பீப் அடித்தது, மூன்று தரம்.

“இதுதான். உள்ள போங்க. தூங்கிறாதீங்க, துணிய எடுத்துட்டுச் சீக்கிரம் வாங்க.”